மூன்றாம் பகுதியின் கடைசி ஷாட்

கூடைப்பந்து ஆட்டத்தின் மூன்றாம் பகுதி முடிய இருபத்து நான்கு வினாடி இருக்கும்போது பந்து கனகவேணியின் கைக்கு வந்தது. கடைசி ஷாட் அடிக்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அலுவலகம் பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அவள் பந்தைத் தட்டிக்கொண்டே கிளம்பினாள்.

ஒரு பகுதியின் கடைசி ஷாட் கூடையில் விழாவிட்டால், அடித்தவர் அந்தப் பகுதியிலேயே தங்கிவிட வேண்டும். மற்றவர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடுவார்கள். இதில் புதிதாக ஒன்றுமில்லை. இன்றைக்கு இரண்டாம் பகுதியில் அணித் தலைவி மேகலா தங்கிவிட்டாள். நூற்பாலை விடுதியில் அவளும் கனகவேணியும் ஒரே அறை. இடைவேளையில் மேகலாவைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் பங்கு ஆரஞ்சுச் சுளைகளை மட்டும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

கோச் தனுஷ்கோடி கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார்.

"அஞ்சு செகண்டு இருக்கையில அடி! தப்பிருச்சுன்னா நம்ம புள்ளைக எடுத்து மறுபடி போட நேரம் இருக்கும். அவங்க எடுத்தாலும் அந்தக் கோடிக்கு ஓட நேரம் இருக்காது. முந்தவும் வேணாம், பிந்தவும் வேணாம்!"

"சரி சார்."

"நல்ல ஷாட்டாப் பாத்து அடி. கெடைச்ச ஷாட்டையெல்லாம் அடிக்காத."

நூற்பாலை அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. அவர் சொன்னது சரிதான். அவர் எப்போதும் சரியாகத்தான் சொல்வார். இரண்டாம் பகுதியிலும் இதையேதான் சொன்னார்.

கனகவேணியைத் தடுக்க வேண்டியவள் பெர்பெத்து. கடற்கரை ஊர் அணியைச் சேர்ந்தவள். நல்ல உயரம், நீண்ட கைகள். முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் விரித்தபடி, அவளும் பக்கவாட்டில் கூடவே வந்தாள்.

"ஆபீஸுக்குத்தான் போறேன்" என்றாள் கனகவேணி.

"போ. நானும் வாரேன். ஒன்னைய விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

தாழ்வாரம் பத்தடிதான் இருக்க வேண்டும். நடக்க நடக்க அது நீண்டது. கூரையில் ஒவ்வொரு விளக்குக்குப் பக்கத்திலும் ஒரு கடிகாரம் தொங்கியது. எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டின. இருபத்தொன்று. இருபது.

வழியில் ஒரு கதவு. அதன்மேல் 'இரண்டாம் பகுதி' என்று எழுதியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேகலா நின்றாள். ஷாட் அடித்த கை இன்னும் மேலேயே இருந்தது. அவள் காலணிகள் தரையோடு தரையாக ஒட்டியிருந்தன.

கனகவேணி நின்றாள். பந்து மட்டும் நிற்கவில்லை.

"எப்புடி இருக்க?"

"இருக்கேன். கைதான் கொஞ்சம் வலிக்குது."

"ஏன்டி அம்புட்டு தூரத்துலருந்து அடிச்ச?"

மேகலா யோசித்தாள். "பத்து, ஒம்பதுன்னு எண்ணிக்கிட்டே நின்னேன்டி. எண்ணுறது நல்லா இருந்துச்சு. நிமிந்து பாத்தா ஒண்ணுல நிக்குது."

"நான் அப்புடி விடமாட்டேன்."

"நானும் அப்புடித்தான் சொன்னேன்" என்றாள் மேகலா. "போ. பதினேழு ஆயிருச்சு."

கனகவேணி கண்ணாடியிலிருந்து விலகினாள். அடுத்த பத்தடியை ஓடியே கடந்தாள். பெர்பெத்து பின்னோக்கி ஓடினாள். ஒரு தடவைகூட அவள் தடுமாறவில்லை.

அலுவலகத்தில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். பந்துச் சத்தம் கேட்டு அவர் முகம் சுளித்தார்.

"பந்தை வெளியில வச்சிட்டு வாங்க."

"வச்சிட்டா திரும்பத் தட்ட முடியாது மேடம். விசில் ஊதிருவாங்க."

"அப்ப சத்தம் வராமத் தட்டுங்க."

கனகவேணி குனிந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தட்டினாள். இடக்கையால் படிவத்தை வாங்கினாள். பெயர், அணி, உயரம் எழுதினாள். அதற்கே இரண்டு வினாடி போயிற்று. கடைசியில் மூன்று கட்டங்கள் இருந்தன. நல்ல ஷாட். சுமாரான ஷாட். வேறு வழியில்லாத ஷாட்.

நல்ல ஷாட் என்ற கட்டத்தில் அவள் டிக் அடித்தாள்.

அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முன்னால ஆள் நிக்குதே?"

"நிக்குது மேடம்."

"அப்ப அவங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கணும்." பெர்பெத்துவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"ரெண்டு கையளவு" என்றாள் பெர்பெத்து. கைகளை இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டினாள்.

அம்மாள் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு டிபன் டப்பாவைத் திறந்து ஒரு வாய் தயிர்சாதம் சாப்பிட்டார். கடிகாரத்தில் பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று ஆயிற்று. கனகவேணியின் உள்ளங்கை வேர்த்துப் பந்து வழுக்கியது.

"மேடம், நேரம் போகுது."

"போகத்தான் செய்யும்." அவர் ஒரு சீட்டை எடுத்துப் பசை தடவிப் பந்து மேலே வரும்போது அதில் ஒட்டினார். "சீட்டு பந்தோட. யார் அடிச்சாலும் செல்லும். அடிக்கிற நேரத்துல முன்னால ஆள் இல்லைன்னா அது நல்ல ஷாட். தங்குறது மட்டும் அடிச்சவங்கதான்."

அலுவலகக் கதவைத் திறந்தால் நேராக ஆடுகளம். கூடைக்கு எதிரே, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே கனகவேணி நின்றாள். ஒன்பது வினாடி.

முன்னால் பெர்பெத்து. அவள் கைகளுக்கு மேலே எம்பி அடித்தால் பத்துக்கு மூன்று விழும். கனகவேணிக்கு அது தெரியும். பெர்பெத்துவுக்கும் தெரியும்.

இடது மூலையில் நூற்பாலை அணியின் ரோகிணி தனியாக நின்றாள். அவளைத் தடுக்க வேண்டியவள் உதவிக்கென்று கனகவேணியின் பக்கம் ஓடி வந்திருந்தாள். அந்த மூலையிலிருந்து ரோகிணி பத்துக்கு ஏழு போடுவாள். அதைவிட நல்ல ஷாட் இந்த அரங்கத்தில் யாரிடமும் இல்லை. ஆனால் ரோகிணிக்கு ஒன்பது மாதக் குழந்தை இருந்தது. அது ஏழாவது படியில் அவள் கணவன் மடியில் கிடந்தது. பத்துக்கு ஏழு என்றால் மூன்று போய்விடும்.

எட்டு. ஏழு.

"வேணி! இங்கிட்டு!" ரோகிணி இரு கைகளையும் மார்புக்கு நேரே ஏந்தினாள்.

"புள்ள?" என்று கேட்டாள் கனகவேணி.

"அது தூங்குது. போடு!"

பெர்பெத்து மெதுவாகச் சொன்னாள். "நீ அவளுக்குப் போட்டுருவேன்னுதான் நெனைக்கேன்."

ஆறு.

ஐந்தில் கனகவேணி பந்தை விட்டாள். பெர்பெத்துவின் கைக்கு அடியில் போய், ஒரு தடவை தரையில் பட்டு, ரோகிணியின் விரல்களுக்குள் அது சரியாக உட்கார்ந்தது. ரோகிணி அவசரப்படவில்லை. எம்பினாள், மணிக்கட்டை மடக்கினாள். அவளுக்கு முன்னால் யாருமே இல்லை. அது நல்ல ஷாட்தான்.

பந்து வளையத்தின்மேல் ஏறி உருண்டது. ஒரு முழுச் சுற்று. அரைச் சுற்று. அரங்கமே எழுந்து நின்றது. பந்து யோசித்துப் பார்த்துவிட்டு வெளிப்பக்கமாக விழுந்தது.

இரண்டு வினாடி.

மூலையில் ரோகிணி ஒரு காலைத் தூக்கப் பார்த்தாள். அது வரவில்லை. இன்னொரு காலைத் தூக்கப் பார்த்தாள். பிறகு ஏழாவது படியைப் பார்த்தாள். 

கனகவேணி அதற்குள் ஓடியிருந்தாள். பெர்பெத்து முதுகால் முட்டித் தள்ளினாள். கனகவேணி அவளைச் சுற்றிக்கொண்டு போய், முழங்கை இடுக்கில் புகுந்து, எம்பிப் பந்தைப் பிடித்தாள். இறங்கும்போது ஒரு வினாடி மிச்சமிருந்தது.

அப்படியே பந்தைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். பகுதி முடிந்திருக்கும். கடைசி ஷாட் ரோகிணியுடையதாகவே இருந்திருக்கும். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

"அடிக்காத!" என்று கோச் கத்தினார். "கோணம் இல்ல! கெட்ட ஷாட்டு!"

அவர் சொன்னது சரிதான். கூடைப் பலகைக்குப் பின்னால் பாதி உடம்பு, முகத்துக்கு நேரே இரண்டு கைகள். கனகவேணி எம்பி அடித்தாள்.

பெர்பெத்துவின் விரல் நுனியில் பந்து லேசாகப் பட்டது. பலகையின் ஓரத்தில் இடித்துத் திரும்பி, கனகவேணியின் கைக்கே வந்தது. அப்போது சைரன் ஊதியது.

ரோகிணியின் கால்கள் விடுபட்டன. அவள் தடுமாறி விழுந்து எழுந்தாள். எழுந்ததும் கனகவேணியைப் பார்த்து வாயைத் திறந்தாள். கோச் அவள் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நான்காம் பகுதிக்கான கதவு அந்தப் பக்கம் திறந்திருந்தது. பெஞ்சு, தண்ணீர்க் கேன், துண்டுகள் எல்லாம் போயின. படிக்கட்டில் இருந்தவர்கள் வரிசையாக இறங்கிப் போனார்கள். குழந்தை விழித்துக்கொண்டு அழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ரோகிணி குழந்தையைக் கையில் வாங்கியிருக்க வேண்டும். சத்தம் நின்றது.

கனகவேணி தன் கால்களைப் பார்த்தாள். ஒட்டியிருந்தது இடது கால் மட்டும்தான். வலது கால் சுற்றிவர அசைந்தது. பந்தைப் பிடித்திருப்பவர் ஒரு காலை ஊன்றி மற்றதை நகர்த்தலாம்; விதிப்படி அது சரி. பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது. ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை.

கதவருகே நின்று யாரோ கூப்பிட்டார்கள். "ஏட்டி பெர்பெத்து! வாட்டி, ஆட்டம் தொடங்கப் போவுது!"

பெர்பெத்து திரும்பவில்லை. முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, அதே இடத்தில் நின்றாள்.

"நீ போகலாம்" என்றாள் கனகவேணி. "தங்க வேண்டியது நான் மட்டும்தான்."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"ஒன் கையில பந்து இருக்குல்லா."

கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பக்கம் விசில் ஊதுவது கேட்டது. இந்தப் பக்கம் கடிகாரத்தில் பூஜ்யம் எரிந்துகொண்டிருந்தது.

கனகவேணி இடப்பக்கம் போவதுபோலத் தோளை அசைத்தாள். பெர்பெத்து ஏமாறவில்லை.