கையை நீட்டுங்கள்

விடிவதற்குள் நான்கு மூட்டை இஞ்சியைத் தண்ணீரில் கொட்டி, கணு இடுக்குகளில் ஒட்டிய மண் போகத் தேய்த்தாயிற்று. உயரத்தால் நெட்டை என்றே பெயர் வாங்கியவளுக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. இனிமேல்தான் தோல் சீவ வேண்டும். இஞ்சியின் மணமும் காரமும் தோலை ஒட்டித்தான் குடியிருக்கின்றன. கை கொஞ்சம் அழுந்தினாலும் சரக்கு போச்சு. அந்த வேலையில் அவளை மிஞ்ச அந்த இஞ்சிக் கொட்டகையில் ஆளில்லை.

மூலைத் தொட்டியருகே நின்றவள் அவளுடைய நாத்தனார். வீட்டில் இருவரும் எலியும் பூனையும்தான். வாடிய பழைய இஞ்சியைப் புதுசுபோல் மின்ன வைக்க, போன மாதம் முதலாளி அந்தத் தொட்டியில் அமிலம் கலக்கத் தொடங்கினார். நாத்தனாரின் கை வெந்துபோயிற்று. நேற்று தட்டைத் தொடக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு நெட்டைதான் ஊட்டிவிட்டாள்.

முதலாளி வந்தார். நாளைக்குச் சரக்கு வாங்குகிறவர்கள் கொட்டகையைப் பார்க்க வருகிறார்களாம். கை புண்ணானவர்கள் இன்றோடு நின்றுகொள்ளலாமாம். வைத்தியத்துக்கு என்ன செய்வது என்று நாத்தனார் கேட்டாள்.

"இஞ்சின்னா எரியத்தான் செய்யும். வயித்துக்கும் சளிக்கும் அதுதான் மருந்து. மருந்தால கை போகுமா?"

நெட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடமாக அவள் கை இஞ்சியில் கிடக்கிறது.

"இஞ்சி எரிச்சல் எங்களுக்குத் தெரியாதாங்க? சாயங்காலத்துக்குள்ள அடங்கிடும், தோலை உரிக்காது. அந்தத் தொட்டியில ஒரு நிமிஷம் உங்க கையை வச்சுப் பாருங்க."

முதலாளி தொட்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றார். எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"வரிசையா நின்னு கையை நீட்டுங்க" என்றார் அவர். "புண்ணு இருக்கறவங்க வெளிய போகலாம்."

நெட்டையின் கையில் ஒரு கீறல்கூட இல்லை. நீட்டினால் நாளைக்கும் வேலை உண்டு. நீட்டாவிட்டால் வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை போகும். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி, நீங்களாவது காட்டித் தொலைங்க" என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

"நீ வாயை மூடு" என்ற நெட்டை முதலாளி பக்கம் திரும்பினாள். "முதல்ல தொட்டியைக் கொட்டுங்க. அப்புறம் காட்டறோம்."

மண் கழுவுகிறவர்கள் கையைப் பின்னால் கட்டினார்கள். மூட்டை தூக்குகிறவர்களும் கட்டினார்கள். முதலாளி வரிசையின் கடைசிவரை நடந்து பார்த்தார். பதினெட்டுப் பேரில் ஒருவரும் கையை நீட்டவில்லை.