முத்துக்கிளியின் தாய்

லூர்த்தம்மாவுக்கு யப்பான் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. தெரியாதது நல்லதாய்ப் போயிற்று என்று குருநகரில் பலரும் பிறகு சொன்னார்கள்.

எண்பத்துநாலாம் ஆண்டு சூசைதாசனின் தமையன் கப்பல் வேலையில் இருந்து வந்தபோது ஒரு வீடியோ டெக்கும் கொஞ்சக் கசற்றுகளும் கொண்டுவந்தான். கசற்றுகளில் பாதி, கறுப்பு வெள்ளையில் வந்த ஒரு யப்பான் கார்ட்டூன் தொடர். ஒரு சிறுமி, ஒரு இரும்பு நாய், ஒரு சின்ன வள்ளம். சிறுமி தீவு தீவாய்ப் போகிறாள். போகிற இடமெல்லாம் எலும்புச் சீப்பு செருகிய ஒரு கிழவி வந்து மறிக்கிறாள். சூசைதாசன் தன் வலைக் கொட்டிலின் யன்னல்களைச் சாக்கால் மூடி, ஞாயிறு பூசை முடிந்த கையோடு சனத்துக்குப் படம் போட்டான். முதல் நாள் பிள்ளைகள் விளங்காமல் சிணுங்கத் தொடங்கிவிட்டார்கள். பின்னால் இருந்த லூர்த்தம்மா, மடியில் இருந்த தமக்கையின் பிள்ளையை அடக்குவதற்காக, "உவள்தான் முத்துக்கிளி. தாயைத் தேடிப் போறாள்" என்று சொல்லத் தொடங்கினாள். பக்கத்துப் பிள்ளைகள் திரும்பினார்கள். பிறகு முன்வரிசையும் திரும்பியது.

அடுத்த ஞாயிறு சூசைதாசன் அவளுக்கு ஒரு மைக் பிடித்துக் கொடுத்தான்.

அப்போது அவளுக்கு இருபது வயது இருக்கும். கோயில் நாடகங்களில் நடித்துப் பழகிய தொண்டை. முத்துக்கிளிக்கு ஒரு குரல், நாய்க்கு ஒரு குரல், சீப்புக்காரி முள்ளுக்கிழவிக்கு ஒரு குரல். பெயர்கள் எல்லாம் அவள் வைத்தவை. திரையில் வாய் அசையும். அவள் தன் பாட்டுக்குக் கதை சொல்லுவாள். கிழவி எதற்கோ கோபித்தால், "என்ரை கருவாட்டை உன்ரை நாயே திண்டது?" என்று கத்துவாள். கொட்டில் இடிந்து விழுகிற மாதிரிச் சனம் சிரிக்கும்.

முன்வரிசையில் செபநாயகம் என்றொரு பொடியன் இருந்தான். அவன் தாய் முந்தின வருடம்தான் காய்ச்சலில் செத்துப்போயிருந்தாள். ஒருநாள் படம் முடிந்து எல்லாரும் எழும்ப அவன் எழும்பவில்லை.

"லூர்த்தக்கா, முத்துக்கிளியின்ரை அம்மா உயிரோடை இருக்கிறாவோ?"

"ஓமடா. கடைசித் தீவிலை இருந்து கூழ் காய்ச்சிக்கொண்டிருக்கிறா. இவள் போய்ச் சேரத்தான் இறக்குவா."

அன்றிலிருந்து அந்தக் கூழ் கதைக்குள் வந்துவிட்டது. கிழமைக்குக் கிழமை அவள் அதில் ஒரு சாமானைப் போட்டாள். நண்டு, இறால், பயற்றங்காய், ஒடியல் மா. செபநாயகம் கேட்டுக்கொண்டே இருப்பான். மிச்சக் கசற்று வரவில்லை. சூசைதாசனின் தமையன் வேறு கப்பலுக்கு மாறிப்போய்விட்டான். முத்துக்கிளி தாயிடம் போய்ச் சேராமலே படம் நின்றது. ஆனாலும் தாய் இருக்கிறாள் என்பதில் குருநகரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

எண்பத்தேழுச் சண்டையில் செல் வந்து விழுந்து வெடித்தது. லூர்த்தம்மாவின் கீழ்த்தாடை ஒரு பக்கம் உடைந்து, நாக்கின் நுனியும் போயிற்று. உயிர் தப்பினாள். பேசி வைத்திருந்த கலியாணம் தப்பவில்லை. மாப்பிள்ளை பகுதியார் ஒரு தரம் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார்கள், தோடம்பழம் கொடுத்தார்கள், பிறகு வரவில்லை. அவள் தமக்கை கத்தரீனாவின் வீட்டில் இருந்து வலைக் கிழிசல் பொத்தினாள். கதைத்தால் சொல்லெல்லாம் எச்சிலோடு குழைந்து வந்தது. அதனால் கதைப்பதை விட்டாள். கடைக்காரன் ஏதும் கேட்டால் கத்தரீனாதான் பதில் சொல்லுவாள். கூட்டத்தில் யாராவது அவளோடு கதை கொடுத்தாலும் கத்தரீனா முந்திக்கொள்வாள். "அவளை விடுங்கோ, அவளுக்கு ஏலாது."

தொண்ணூற்றிரண்டில் அந்தக் கார்ட்டூன் திரும்பி வந்தது.

அதே கதையை யப்பான்காரன் கலரில் புதிதாக எடுத்திருந்தான். யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த கசற்று. பேச்சு முழுக்க இங்கிலிஷ். ஊரில் கறண்ட் இல்லை. சூசைதாசன் ஒரு ஜெனரேற்றரைப் பூட்டி, மண்ணெண்ணெய்க்கு அலைந்து திரிந்து, பழைய கொட்டிலையே திறந்தான். தமிழில் சொல்லுவதற்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ரியூசன் கொடுக்கும் கனகலிங்கம் மாஸ்ரரைப் பிடித்தான். மாஸ்ரர் நல்ல படிப்பாளி. கசற்றுகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டுப் பார்த்து, ஒரு வசனம் பிசகாமல் மொழிபெயர்த்து ஆயத்தப்படுத்திக்கொண்டு சைக்கிளில் வந்தார்.

சனம் அவரைப் பிய்த்து எடுத்துவிட்டது.

"அவளின்ரை பேர் எமி" என்று மாஸ்ரர் தொடங்கினார்.

"ஆர் எமி? அது முத்துக்கிளி!"

"இது நாயில்லை, ஓநாய். இங்கிலிஷிலை தெளிவாச் சொல்லுறாங்கள்."

"முந்தி நாய்தானே? இடையிலை எப்பிடி ஓநாயாச்சுது?"

இப்போது செபநாயகம் மீசை அரும்பிய இளந்தாரி. கடலுக்குப் போகிறவன். அவன்தான் எல்லாரையும் விடக் கத்தினான். "கலர் இருந்தாப் போதுமே மாஸ்ரர்? கிழவியைப் பாருங்கோ, பவுடர் பூசின மாதிரி. பழைய கிழவியைக் கண்டா மூத்திரம் போகும். லூர்த்தக்கா சொன்னதிலை ஒரு பங்குக்கு வராது உங்கடை கதை!"

இந்தக் கதை லூர்த்தம்மாவின் காதுக்கும் வந்தது. அடுத்த ஞாயிறு அவள் சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்ப் பின்சுவரோடு இருந்தாள். சனம் மாஸ்ரரோடு சண்டை பிடித்தது. "லூர்த்தம்மா இப்பிடிச் சொல்லேல்லை", "லூர்த்தம்மா எண்டால் இந்த இடத்திலை ஒரு பாட்டு விட்டிருப்பாள்" என்று திரும்பத் திரும்ப அவள் பெயர் வந்தது. ஐந்து வருடமாக அவளைக் கண்டால் பார்வையைத் தாழ்த்திப் போன சனம். அவள் தலைப்புக்குள் சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சிரட்டை அகப்பையை வாய்க்கு நேரே பிடித்து, முத்துக்கிளியின் குரலைப் போட்டுப் பார்த்தாள். கத்தரீனா அடுக்களை வாசலில் நின்று கண்டும் காணாதது போலப் போனாள்.

மூன்றாம் ஞாயிறும் அவள் போனாள். அன்றைக்கு மாஸ்ரருக்குப் பொறுமை போய்விட்டது. செபநாயகம் விசிலடிக்க, அவர் மைக்கை மேசையில் டக்கென்று வைத்தார்.

"அப்ப அந்த லூர்த்தம்மா வந்து சொல்லட்டும்" என்றார். "அங்கை பின்னுக்கு இருக்கிறா. எனக்குத் தெரியும். வாரும் பிள்ளை. வந்து சொல்லும்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சூசைதாசன் தாடையைப் பற்றிச் சொல்லியிருந்தான். "மாஸ்ரர், வேண்டாம்" என்று சூசைதாசன் எழும்பினான். ஆனால் சனம் திரும்பி அவளைக் கண்டுவிட்டது. "லூர்த்தக்கா! லூர்த்தக்கா!" என்று கைதட்டத் தொடங்கியது. அவளுக்கு ஏலாது என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அவளுக்குமே வரவில்லை. அவள் எழும்பிப் போனாள்.

திரையில் சிறுமி வள்ளத்தின் முன் அணியத்தில் நின்றாள். லூர்த்தம்மா மைக்கைப் பிடித்தாள்.

"அம்மா... நான் வந்துகொண்டிருக்கிறன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது, "அம்மா... நா வந்துகொந்தியுக்கியன்." எச்சில் மைக்கில் பட்டு இரைந்தது. அந்த இரைச்சலை ஸ்பீக்கர் கொட்டில் முழுக்கக் கொண்டுபோனது.

கைதட்டல் நின்றது. அவள் தொண்டையைச் செருமி இன்னொரு தரம் சொன்னாள். முன்னதை விட மோசமாக வந்தது.

அந்த அமைதியில் முன்வரிசையில் இருந்து ஒரு குரல் மெல்ல, "வந்துகொந்தியுக்கியன்" என்றது.

செபநாயகம். அவன் நினைத்துச் செய்யவில்லை. வாய் தானாய்ச் செய்துவிட்டது. பக்கத்தில் இருந்தவன் குபீரென்று சிரித்தான். அதற்குப் பிறகு ஒருவராலும் அடக்க முடியவில்லை. தாய்மார் முந்தானையைக் கடித்தார்கள். பிள்ளைகள் வாங்கில் ஏறி நின்று குதித்தார்கள். செபநாயகமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாஸ்ரர் மைக்கை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்து, சட்டைத் துணியால் துடைத்தார்.

"இப்ப நான் சொல்லட்டோ?" என்றார்.

"சொல்லுங்கோ மாஸ்ரர்" என்றது சனம். அன்று ஓநாயை ஓநாய் என்றே கேட்டுக்கொண்டது.

லூர்த்தம்மா வீட்டுக்கு வந்து வலையை எடுத்துக்கொண்டு இருந்தாள். கத்தரீனாவுக்கு ஒழுங்கையிலேயே கதை தெரிந்துவிட்டது. "ஏனடி போனனி?" என்று கேட்டுவிட்டு அழுதாள். பிறகு, "உன்ரை கோலம் உனக்குத் தெரியாதே?" என்று கேட்டாள். அதோடு அழுகை நின்றது.

அது அந்த ஞாயிறோடு முடிந்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் மாஸ்ரர் கெட்டிக்காரர். சனத்துக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டார். அடுத்த கிழமை எலும்புச் சீப்புக் கிழவி திரையில் வந்ததும் வாயைக் கோணலாக்கி, நாக்கை மடித்து, "முத்துக்கியீ... வந்தித்தியா?" என்றார். கொட்டில் அதிர்ந்தது. முத்துக்கிளி என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டுவிட்டார். இனிச் சனத்துக்கு ஒரு குறையும் இல்லை. பழசை விடப் புதுசு திறம் என்று ஆட்கள் சொல்லத் தொடங்கினார்கள். முள்ளுக்கிழவி முந்தி இப்படிச் சிரிப்புக் காட்டவில்லையாம். ஒழுங்கையில் பிள்ளைகள் "வந்தித்தியா?" என்று ஆளையாள் துரத்தினார்கள். கத்தரீனாவின் சின்ன மகளும் ஒருநாள் வீட்டுக்குள் அப்படிச் சொல்லிக்கொண்டு ஓடி வந்தாள். சித்தியைக் கண்டு நின்றாள். பிறகும் சிரித்தாள்.

பிறகு சூசைதாசன் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"லூர்த்து, கோவிக்காதை. மாஸ்ரருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. கிழவிக்கு மட்டும் நீ வந்து சொன்னால்... அவர் என்ன செய்தாலும் உன்ரை குரல் மாதிரி வராதெண்டு சனம் சொல்லுது. வீட்டுக்கு மண்ணெண்ணெய் தாறன். பிள்ளையளுக்குப் பால்மாவும் பாக்கிறன்."

லூர்த்தம்மா கத்தரீனாவைப் பார்த்தாள். அந்த ஒரு தரம் மட்டும் தமக்கை தனக்காகப் பதில் சொல்லட்டும் என்று இருந்தாள்.

கத்தரீனா புருசனின் வலை கிடந்த பக்கம் பார்த்தாள். ஒருவரையும் மீன்பிடிக்க விடாமல் கடல் பூட்டிக் கிடந்த மாதம் அது. "எப்பிடியும் சிரிக்கத்தானே போகுதுகள்" என்றாள். "சும்மா சிரிக்கிறதுக்கு, ஏதும் தந்திட்டுச் சிரிக்கட்டன்."

லூர்த்தம்மா போனாள்.

கொட்டில் பிதுங்கி வழிந்தது. அவள் மைக்கடியில் இருந்ததும் விசில் பறந்தது. முன்வரிசையில் செபநாயகம், கூட்டாளிகளோடு. திரையில் சிறுமி ஒரு பாறையில் ஏறினாள். கிழவி எதிரில் நின்றாள். மாஸ்ரர் கட்டிய தொண்டையோடு, "கிழவி, என்னை விடு. என்ரை அம்மா எனக்காகப் பாத்துக்கொண்டிருக்கிறா" என்றார்.

கிழவியின் வாய் அசைந்தது. லூர்த்தம்மா, "முத்துக்கியீ" என்றாள்.

சிரிப்பு வந்தது. அவள் விட்டாள். சிரித்து முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, நாக்கை இழுத்து வைத்து, விளங்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"கொம்மா செத்துப் போனா."

மாஸ்ரர் திரும்பிப் பார்த்தார்.

"நீ வெளிக்கிட முதலே செத்துப் போனா. கடைசித் தீவிலை ஒருத்தரும் இல்லை. அங்கை அடுப்பும் இல்லை, கூழும் இல்லை. நண்டும் இறாலும் நான் வாயாலை போட்டது. நீ அழுவாய் எண்டு சும்மா சொன்னனான். அதை நம்பி இவ்வளவு தூரம் வந்திட்டியே?"

இதைச் சொல்லும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செபநாயகத்தின் முகத்தில் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை எடுக்க அவனுக்குத் தெரியவில்லை. கூட்டாளி ஒருவன் அவன் தோளை இடித்து, "டேய், கிழவியைப் பார்" என்றான். அவன் எழும்பி, வாங்குகளுக்கு நடுவால் ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே போனான். எங்கோ ஒரு சின்னப் பெண் விக்கி விக்கி அழத் தொடங்கினாள். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் அழுதார்கள்.

சூசைதாசன் ஜெனரேற்றரை நிற்பாட்டினான். "உனக்கென்ன விசரே? சின்னப்பிள்ளையளுக்கு உப்பிடிச் சொல்லுறதோ?"

மாஸ்ரர்தான் அவன் கையைப் பிடித்தார். "இல்லை, சூசை. கதை அப்பிடித்தான். கடைசிக் கசற்றிலை வருகுது. தாய் முதலே செத்துப்போச்சு." அவர் லூர்த்தம்மாவைப் பார்த்தார். "உதை எப்பிடிப் பிள்ளையளுக்குச் சொல்லுறதெண்டு நானே யோசிச்சுக்கொண்டிருந்தனான். மாத்திச் சொல்லலாம் எண்டு இருந்தன். உமக்கு எப்பிடித் தெரியும்?"

அவள், கூலியாகச் சூசைதாசன் எடுத்து வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போனாள்.

செபநாயகம் அதற்குப் பிறகு கொட்டிலுக்கு வரவில்லை. கடல் திறந்த பிறகும் கொஞ்ச நாள் தொழிலுக்குப் போகவில்லை என்று அவன் தகப்பன் சொன்னதாகக் கத்தரீனா கேட்டு வந்தாள். ஒருநாள் சந்தையால் வரும்போது லூர்த்தம்மா அவனை எதிரில் கண்டாள். அவன் சைக்கிளை நிறுத்தினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தானோ, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கத்தான் வந்தானோ. அவள் அவனுக்கு முகம் கொடுக்காமல் நடந்தாள்.

வீட்டில் கத்தரீனா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "பொடியன் அண்டைக்குத் தொட்டு ஒழுங்காச் சாப்பிடுறதில்லையாம்" என்றாள். "தாயில்லாப் பிள்ளை. உனக்கு மனம் நோகேல்லையோ?"

லூர்த்தம்மா சட்டியைப் பக்கத்தில் இழுத்து, மீனை வெட்டத் தொடங்கினாள்.

"இல்லை" என்றாள். அந்தச் சொல்லும் குழைந்துதான் வந்தது. கத்தரீனாவுக்கு விளங்கிவிட்டது; திரும்பக் கேட்கவில்லை.