ஊர்ப் பலகையில் ஒரு மண்வெட்டி

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஊர்ப்பெயரும் சித்திரமும் செதுக்கி வண்ணம் தீட்டிய மரப் பலகை எப்போதோ வந்துவிட்டது. ஹாகன்பி மட்டும் மூளியாக நின்றது. அதனால், இரண்டாம் உலகப் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டில் குளத்தங்கரையில் ஒன்று நட்டுவிடுவதென்று ஊர்க் கமிட்டி தீர்மானித்தது. எதைச் செதுக்குவது என்பதில் சண்டையே வரவில்லை. அமெரிக்கர்கள் ஊருக்கு வெளியே போட்ட விமானத் தளம், ஒரு குண்டுவீச்சு விமானம், பொன்னிற முடியோடு ஒரு விமானி, அவனுக்குத் தேநீர் நீட்டும் ஊர்ப்பெண்.

தபால் நிலையத்தில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்ததும், அங்கே வேலை பார்த்த ரோடாவுக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஓடுதளத்துக்குக் கான்கிரீட் போட்டவர்கள் அமெரிக்கப் படையின் கறுப்பு வீரர்கள். அவர்களில் ஒருவன்தான் அவள் அப்பா. கல்யாணத்துக்கு மேலதிகாரி அனுமதி தரவில்லை; ரோடா பிறப்பதற்குள் அவனை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். அம்மா வினிஃப்ரெடுக்கு இந்த ஊரில் யாரும் பச்சைத் தண்ணீர்கூட நீட்டியதில்லை. கைக்குழந்தையோடு வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

ரோடா கமிட்டித் தலைவர் டெனிஸ் லார்வுட்டிடம் போனாள். ஒரே வகுப்பில் படித்தவன். அவளைத் "தார்ச்சட்டி" என்று முதலில் கூப்பிட்டவனும் அவன்தான்.

"எங்கப்பா போட்ட தரையிலதானே அந்த விமானம் நிக்குது, டெனிஸ்? அவங்கள்ல ஒருத்தரையாவது போடுங்க."

"பலகை மூணடிதான், ரோடா. எல்லாரையும் எங்க அடைக்கிறது? அதுவுமில்லாம, உங்கம்மா கதையை இப்பக் கிளறினா உனக்குத்தான் அசிங்கம்."

அசிங்கம் யாருக்கு என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு வந்தாள்.

திறப்பு விழாவன்று துணி விலகியதும் டெனிஸ் அவள் முழங்கையைப் பிடித்துப் பலகையருகே கூட்டிப்போனான். விமானச் சக்கரத்துக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மண்வெட்டி சாய்ந்திருந்தது. அதைப் பிடிக்க ஆள் இல்லை.

"உனக்காகக் கமிட்டியோட மல்லுக்கட்டி வாங்கினது. நமக்குள்ள இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தான். சுற்றி நின்றவர்களும் பார்த்துச் சிரித்தார்கள்.

"ரொம்ப நன்றி, டெனிஸ்," என்றாள் ரோடா.

அவன் அவள் தோளைத் தட்டிவிட்டுக் கேக் இருந்த மேசைப் பக்கம் போனான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகும் அந்த நன்றி முள்ளாகக் குத்தியது. பேசாமல் இருந்திருக்கலாம், திரும்பி நடந்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமைக்குள் டெனிஸ் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான். தபால்தலை வாங்க வந்தவர்களெல்லாம், "இப்பத் திருப்திதானே, ரோடா?" என்று அன்பாகக் கேட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் ஆமாம் சொன்னாள்.