இறங்கிக்கொண்ட இனிஷியல்

சுகிர்தா குழந்தையோடு ஓசூர் எல்லையைத் தாண்டியபோது, குழந்தையின் இனிஷியல் மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டது. பொ. நறுமுகையாக ஏறியவள் பெங்களூரில் வெறும் நறுமுகையாக இறங்கினாள். 'பொ' சாயங்காலத்துக்குள் அப்பா பொன்வண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கொம்பு இருந்தும் யாரையும் முட்டாத எழுத்து. இருப்பது ஒரே ஒரு கால் என்பதால் நொண்டிக்கொண்டுதான் வந்தது. புள்ளி பின்னாலேயே உருண்டு வந்தது.

பொன்வண்ணனுக்கும் சுகிர்தாவுக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே குக்கரில் சமைத்தார்கள், ஒரு பெண்ணையும் பெற்றார்கள். மண்டபம் பிடித்து ஊருக்குச் சாப்பாடு போடாததால் அது கல்யாணம் இல்லை என்று ஊர் சொன்னது. சாப்பாடு கிடைக்காதவர்கள் வேறென்ன சொல்வார்கள்? பிறகு சண்டை வந்தது. தப்பில் பாதியைப் பொன்வண்ணன் பெருந்தன்மையாக ஒத்துக்கொள்வான், சுகிர்தாவின் பாதியை.

வீட்டுக்கு வந்த இனிஷியலுக்குச் சோறு ஊட்டிப் பார்த்தான், வாய் திறக்கவில்லை. கதை சொல்லிப் பார்த்தான், 'அப்புறம்?' என்று கேட்கவில்லை. மகள் இல்லாத வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். உட்கார்ந்து அழுதான். அழுது முடித்ததும் கோர்ட்டுக்குப் போனான்.

"கல்யாணம் ஆகாத அப்பாவுக்கு இங்க நாற்காலி கிடையாது சார்," என்றார் அவனுடைய வக்கீல் கமலவேணி. "எதுவா இருந்தாலும் நின்னுக்கிட்டே பேசிடுங்க."

நின்றான்.

"நீங்கள் குழந்தைக்கு என்ன வேண்டும்?" என்று நீதிபதி கேட்டார்.

"அப்பா வேணுங்க ஐயா."

"ஆதாரம்?"

பொன்வண்ணன் இனிஷியலைத் தூக்கி மேஜைமேல் நிறுத்தினான். நீதிபதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதான் உங்களிடம் இருக்கிறதே, அப்புறம் குழந்தை வேறு எதற்கு?" என்றார்.

சுகிர்தாவின் வக்கீல் எழுந்தார். பெங்களூர்ப் பக்கம் இனிஷியல் பெயருக்குப் பின்னால்தான் நிற்கும், ஆகவே அப்பாவும் கொஞ்சம் பின்னாலேயே நிற்பதுதான் மரியாதை என்றார். பொன்வண்ணன் இரண்டடி பின்னால் போனான். முன்னால் நின்றபோதும் ஒன்றும் கிடைத்துவிடவில்லை.

நீதிபதி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். இவ்வளவு தடிமனான புத்தகத்தில் எங்காவது ஓர் ஓட்டை இல்லாமலா போகும்? மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"குழந்தையை இவரிடம் ஒப்படைக்கச் சட்டத்தில் இடமில்லை. இவரைக் குழந்தையிடம் ஒப்படைக்கத் தடை ஒன்றும் இல்லை."

யு.கே.ஜி. படிக்கும் நறுமுகையைக் கூண்டில் ஏற்றினார்கள். அவள் தலை வெளியே தெரியவில்லை. உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"அப்பாவைப் பாத்துக்குவியாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"பாத்துக்குவேன். ஆனா அப்பா தூங்கப் போறப்ப போன் பாக்கக் கூடாது."

அந்த நிபந்தனையும் தீர்ப்பில் சேர்ந்தது. பொன்வண்ணன் எல்லோருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதான். சந்தோஷத்தில்தான். நறுமுகை இறங்கி வந்து அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். 'பொ'வைக் கோர்ட்டே வைத்துக்கொண்டது. அங்கே அந்த எழுத்தில் ஆரம்பிக்கிற சமாச்சாரம் நிறைய நடப்பதால் அதற்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர் பொன்வண்ணனுக்கு அரை டிக்கெட் கிழித்தார். அவனுக்கு ஜன்னல் ஓரம் வேண்டியிருந்தது.

"அடம் புடிக்காதப்பா. காத்து பட்டா சளி புடிக்கும்," என்றாள் நறுமுகை. அவன் உள்பக்கம் நகர்ந்து, அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான்.

சுகிர்தாதான் கதவைத் திறந்தாள். பழைய கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் கார்டியன் நறுமுகையைப் பெற்றவள் என்ன முறை என்று இருவருக்கும் தெரியும்.

"வணக்கம் பாட்டி," என்றான் பொன்வண்ணன்.

"வாடா கண்ணு," என்றாள் சுகிர்தா. "கால் கழுவிட்டு வா, பால் ஆறுது."