அப்பா சவுனாவுக்கு வரவில்லை

சனிக்கிழமை சவுனாவுக்கு விறகு போட்டுப் பற்றவைத்த அப்பா, கதவருகே வந்ததும், நான் கட்டிக்கொள்ளப்போகிற கர்ட்டிஸிடம் தலைவலி என்றார். "நீங்க போங்க தம்பி. நான் வரல."

எங்கள் வீட்டில் மாப்பிள்ளையோடு அப்பா துணி களைந்து அந்த நீராவி அறையில் உட்கார மறுத்தால், கல்யாணத்துக்குச் சம்மதமில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நானோ இரண்டு மாதக் கர்ப்பம். கர்ட்டிஸுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா ஏற்றுக்கொண்டதும் சொல்வதாக இருந்தோம்.

கர்ட்டிஸ் வீட்டுக்குள் போய்க் கோட்டை மாட்டினான். இருபத்திரண்டு வயதிலிருந்து அவனுக்கு சொரியாசிஸ். முதுகும் முழங்கையும் சிவந்து செதில் செதிலாக உரியும். கோடையிலும் முழுக்கைச் சட்டை போடுகிறவன், எனக்காகத்தான் இன்று துணி களையத் துணிந்திருந்தான்.

"மத்தியானம் கை கழுவுறப்ப என் முழங்கையப் பாத்துட்டார், கைசா. நான் கிளம்பறேன்."

வந்த கோபத்தில் காலணிகூடப் போடாமல் பனியில் இறங்கி விறகுக் கொட்டகைக்கு ஓடினேன். அப்பா கோடாலியோடு சும்மா நின்றுகொண்டிருந்தார். வாசலில் கார் உறுமியது.

"ஒரு முழங்கைய வச்சு மனுஷன எடை போடுவீங்களா? அது ஒட்டாதுப்பா."

"எந்த முழங்கை?"

நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. குனிந்து கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். அதே சிவப்பு, அதே செதில். போன இலையுதிர் காலத்தில், அறுபது வயதில் வந்ததாம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"உன் ஆளு பாத்துட்டு, இது பரம்பரையா வரும்னு உன்ன விட்டுட்டுப் போயிட்டா?"

கட்டிக்கொள்வதா திட்டுவதா என்று தெரியவில்லை. தெருவுக்கு ஓடினேன். சுருட்டிய கால்சட்டையோடு அப்பா என்னை முந்திக்கொண்டு போய்க் காரை மறித்தார்.

அரை மணி கழித்து, துண்டுகளோடு சவுனா கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அப்பா, இது கிழவர்களுக்கு வருவதாயிற்றே, உனக்கெப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். கர்ட்டிஸ் தன் டாக்டர் சொன்னதைச் சொன்னான்: எந்த வயதிலும் வரும், ஆனால் இருபதுகளில் ஒரு கூட்டத்துக்கும் அறுபதை ஒட்டி இன்னொரு கூட்டத்துக்கும் அதிகமாகத் தலைகாட்டும்.

"நீங்க ரெண்டாவது பஸ்ல வந்தவரு, மாமா."

அப்பா சத்தமாகச் சிரித்தார். பிறகு கேட்டார், "சின்னக் குழந்தைங்களுக்கு?"

"கம்மிதான். ஆனா வரலாம்." கர்ட்டிஸ் கொஞ்சம் தயங்கினான். "எங்க குழந்தைக்கும்."

வயிற்றில் கை வைத்துக்கொண்டேன். அவ்வளவு பயந்ததே இல்லை.

"எப்போ?" என்றார் அப்பா.

"ஆகஸ்ட்ல."

"அப்ப இந்தக் கோடையிலயே ஆரம்பிக்கணும்." "ஊரு பாக்க ஏரியில நீயும் நானும் சட்டையில்லாம எறங்கறோம். அந்தப் பிள்ளைக்கு வந்தாலும் மறைக்கத் தெரியக் கூடாது."