இரவல் எருமை

எங்கள் ஊரில் மானியம் என்றால் அதிகாரி வருவார், பார்ப்பார், போவார். பார்க்கிற நேரத்தில் பொருள் கண்ணில் பட்டால் போதும். எருமை மானியத்துக்கு ஆள் வந்த அன்றைக்கு எங்கள் கட்டுத்தறியில் நின்றது கந்தப்பன் மாமா வீட்டு எருமை. அப்பா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நம்முளுதுதானுங்க" என்றார். எருமையே நம்பியிருக்கும்.

நான் அப்போது, எண்பத்தாறில், திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரை நாதஸ்வரம் மாதிரி வாசிக்க வைக்க வேண்டும் என்பது என் பைத்தியம். அதற்கு ஆராய்ச்சி மானியம் கேட்டு டெல்லிக்கு எழுதியிருந்தேன். நேரில் பார்க்கக் குழு வருவதாகத் தகவல் வந்தது. மானியம் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரை ஆபீஸில் சம்பளக் கணக்குப் போடக் கொடுத்துவிடப்போவதாக கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார்.

குழு வருவதற்கு முதல் நாள் சாப்பிடும்போது, மிசின் நல்லாப் பாடுதா என்று அப்பா கேட்டார். என் வேலையைப் பற்றி அவர் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. சுரம் வருகிறது, உயிர் வரவில்லை என்றேன். அவர் கை கழுவிவிட்டுக் கோயில் பக்கம் கிளம்பிப் போனார்.

மறுநாள் குழுவின் முன்னால் என் கம்ப்யூட்டர் மோகனம் பாடியது. ஒவ்வொரு சுரமும் படியேறுகிற மாதிரி தனித்தனியாக வந்து நின்றது. குழுத் தலைவி சென்னையிலிருந்து வந்த பேராசிரியை. டைப் அடிக்கிற மாதிரி இருக்கிறதே என்றார். நான் பதில் தேடுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே அதே மோகனம் நாதஸ்வரத்தில் குழைந்து எழுந்தது. அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. அப்பா இரவல் எருமை கட்டியிருக்கிறார்.

வாசலில் சலவை வேட்டியோடு அவரே கும்பிட்டுக்கொண்டு வந்து நின்றார். "மிசின்தானுங்க பாடுது. கொஞ்சம் சூடேறோணுமுங்க" என்றார், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரி என்ஜினைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆத்திரத்தில் திரைச்சீலையை இழுத்தேன். வேப்பமரத்தடியில் கோயில் நாதஸ்வரக்காரர் சின்னுசாமி கன்னம் உப்ப வாசித்துக்கொண்டிருந்தார். திரும்பினால், அப்பா கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. என் ஆத்திரம் போன இடம் தெரியவில்லை.

"இவர் எங்கப்பாங்க. வாசிச்சது மிசின் இல்லீங்க, ஆளு" என்றேன். "என் மிசின் ஒரு சுரத்திலிருந்து இன்னொண்ணுக்குக் குதிக்குது. நாதஸ்வரக்காரர் வழுக்கிட்டுப் போறார். அந்த வழுக்கலை மிசினுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் மானியம் கேக்கறேன்."

தலைவி சிரிக்கவில்லை. சின்னுசாமியை உள்ளே கூப்பிடச் சொன்னார். மிசினையும் அவரையும் மாற்றி மாற்றி வாசிக்கவைத்துக் கேட்டார். முடிவு தபாலில் வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பஸ்ஸில் பாதி வழியில் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"கெடுத்துப்போட்டனா சாமி?"

இல்லீங்கப்பா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கெடுத்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனாலும் அந்தக் கையை விட மனசு வரவில்லை.

ஆவணியில் உத்தரவு வந்தது. கேட்டதில் பாதிதான், ஆனால் கம்ப்யூட்டர் என்னிடமே இருக்கும். ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா தீவனம் அள்ளிக்கொண்டிருந்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்ப எருமை நெசமாலுமே நம்முளுதாயிருச்சா சாமி?"

"ஆமாங்கப்பா. இனித்தான் பால் கறக்கோணும்."