நான்காவது மூலை

தார்ப்பாயை வேனிலிருந்து இறக்கி ஏரிக்கரையில் போட்ட பிறகுதான், அதை எப்படிக் கட்டுவது என்று எங்கள் யாருக்கும் தெரியாது என்பது புரிந்தது. மாமா மடிப்பைப் பிரித்தார். உள்ளேயிருந்து பழைய மழையின் வாடை வந்தது. தாத்தா போன பிறகு பரணில் ஏற்றியதை யாரும் தொடவில்லை. இன்றும் அம்மா கேட்டதால்தான் எடுத்தோம்.

தாத்தா குளிர்கிடங்கில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றியவர். மீனும் இறைச்சியும் கல்லாக உறைந்து கிடக்கும் இடம். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. வெளியே வெயில் கொளுத்தும் மாதங்களிலும் உள்ளே தடித்த கோட்டோடு நிற்பார். வேலை முடிந்து வந்தால் வீட்டு வேலை: ஒழுகும் குழாய், மாமாவின் சைக்கிள் செயின், என் பள்ளிக்கூடச் செருப்பின் வார். உட்கார்ந்து பார்த்ததில்லை. லீவு நாளில் மட்டும் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு இந்த ஏரிக்கு வருவார். சட்டைக் கையைச் சுருட்டி, ஈரத்துணியைக் காயப்போடுவதுபோல இரண்டு கைகளையும் வெயிலில் நீட்டி வைத்திருப்பார். இதை நானே பார்த்தேனா, அம்மா சொல்லிச் சொல்லி என் கண்ணில் படிந்ததா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. தாத்தா இறந்ததிலிருந்து வீட்டில் துணி மடிக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "அந்த மனுஷன் ஒரு நாளாவது தனக்குன்னு இருந்தாரா?" நாங்கள் பதில் சொல்வதற்குள் அவளே சொல்லிக்கொள்வாள்: "ஏரிக்கு வந்தா மட்டும் சிரிச்ச முகமா இருப்பாரு. அது போதும்." போதும் என்று சொல்லிவிட்டு மறுநாள் மறுபடியும் கேட்பாள். அவள் தூங்கிப் பல நாளாகிறது. அந்த இடத்தை ஒருதரம் பார்த்தால் மனசு ஆறும் என்றாள்.

"கணக்குப்புள்ள, நீதான படிச்சவ. எப்படிக் கட்டுறதுன்னு சொல்லு பாப்போம்" என்றார் மாமா. மாலை வகுப்பில் கணக்கியல் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் என் பெயர்.

"எனக்கு நடுக்கம்ப புடிச்சுக்கிட்டு நிக்க மட்டுந்தான் மாமா தெரியும்."

"எனக்குக் கல்லு பொறுக்க. அக்கா, உனக்கு?"

அம்மா ஏரியைப் பார்த்த பக்கம் நடந்துபோய் இடது மூலைக் கயிற்றை எடுத்துக்கொண்டு நின்றாள். கால் தானாக அங்கே போனதுபோல இருந்தது.

"அடேங்கப்பா! ஒரு தார்ப்பாய்க்கு இத்தன டிபார்ட்மெண்டா. முதலாளி மட்டும் லீவு" என்றார் மாமா. அம்மா சிரித்தாள். பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

நான் கம்பைத் தூக்கிப் பிடித்தேன். அம்மா தன் மூலையை இழுத்துக் கட்டினாள். மாமா பின்மூலைகள் இரண்டையும் முளையடித்துக் கட்டி, மேலே கல் வைத்தார். அவரவர் இடம் அவரவருக்கு நினைவிருந்ததால் கூரை மெல்ல எழுந்தது. ஏரிப்பக்கத்து வலது மூலை மட்டும் காற்றில் படபடத்தது. அது தாத்தாவின் மூலை. அதைக் கட்டும் நேரத்தில் எங்களைத் தண்ணீர் கொண்டுவரவோ சுள்ளி பொறுக்கவோ அனுப்பிவிடுவார். திரும்பி வரும்போது அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்.

மாமா அந்த மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "அக்கா, இங்க வாயேன்."

கயிறு மாட்டும் பித்தளை வளையம் இல்லை. வளையம் இருந்த இடம் கிழிந்து, கிழிசலின் ஓரம் கறுத்து வழவழப்பாகியிருந்தது. நேற்று இன்று கிழிந்ததல்ல. அதை ஒட்டி ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் துணி தேய்ந்து வெளுத்திருந்தது.

அம்மா அந்த வெளுப்பைக் கையால் தடவினாள்.

"சாப்பிடக் கூப்பிட்டா, 'நீங்க சாப்பிடுங்க, இங்க காத்து நல்லாருக்கு'ன்னு சொல்வாருல்ல. வெளிய இருக்கப் பிரியம்னு நானும் தட்ட அங்கயே நீட்டுவேன்." கிழிசலின் ஓரத்தை விரலால் நெருடினாள். "தார்ப்பாயப் புடிச்சுக்கிட்டா உக்காந்திருந்தாரு? இங்கயும் வேலதானா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"பின்ன எப்படிடா?"

மாமா கீழே கிடந்த ஒரு உருண்டைக் கல்லை எடுத்தார். தார்ப்பாயின் ஓரத்தில் அதை வைத்துச் சுருட்டி, சுருட்டிய துணியின் கழுத்தில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். இழுத்துக் காட்டினார்; அசையவில்லை. "பாத்தியா? லாரி லாரியா லோடு கட்டுன மனுஷன். இது அவருக்குத் தெரியாதா? வேணும்னுதான் கட்டாம விட்டுருக்காரு. ஆசப்பட்டுதான் இங்க உக்காந்திருக்காரு."

நான் இரண்டையும் மனதில் எழுதிப் பார்த்தேன். இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் ஆசை. கணக்கு நேராகவில்லை. ஒருவேளை கல் வைத்துக் கட்டத் தெரிந்தும் அவருக்கு அது தோன்றாமல் போயிருக்கலாம். அசதியில் எனக்கே தெரிந்த விடைகள் பரீட்சையில் மறந்துபோகின்றன.

"அவுத்துரு" என்றாள் அம்மா.

"எதுக்குக்கா, நல்லாத்தான நிக்குது."

"அவுடான்னா."

மாமா முடிச்சை அவிழ்த்தார். கல் உருண்டது. மூலை மறுபடி பறக்கத் தொடங்குவதற்குள் அம்மா அதை இழுத்துப் போட்டு, வெளுத்த இடத்தில் உட்கார்ந்தாள். கூரை விறைத்து நின்றது.

நானும் மாமாவும் உள்ளே போய்ச் சாப்பாட்டைப் பிரித்தோம். உள்ளே நிழல் மட்டும்தான். ஏரி தெரியவில்லை, அம்மாவின் முதுகு தெரிந்தது. காற்று வரும்போதெல்லாம் தார்ப்பாய் அவளை ஒரு பக்கமாக இழுத்தது. அவள் சாய்ந்து, திரும்ப நிமிர்ந்தாள்.

தட்டில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றேன். "அம்மா, உள்ள வந்து சாப்பிடு."

"இரு" என்றாள். திரும்பவில்லை.

சலவைச் சோடாவில் வெளிறிச் சுருங்கிய இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்து, முழங்கைக்கு மேல் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, வெயிலில் நீட்டினாள். அவளுக்குக் கீழே தார்ப்பாய் துடித்துக்கொண்டிருந்தது.